மண்வளமும் கூட்டறிவும்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கக் கூட்டங்களிற் பெரும்பாலும் பிள்ளைகளின் கல்வி, மணவினைச் செலவைச் சுருக்குதல், கட்டட நிதி முதலியனவே பேசப்பெறுகின்றன. அவை வேண்டுவனவே. எனினும் நம்மவருட் பெரும்பாலோர்க்கு இன்றளவும் உழவே பிழைப்பாக இருத்தலின், அவ்வுழவைத் தாங்கும் மண்ணைப் பற்றி இன்று சில சொல்ல விழைகின்றேன். தமிழ் கற்பிப்பவனுக்கு மண்ணைப் பற்றிப் பேச யாது உரிமை என்று சிலர் எண்ணக்கூடும். நம் முன்னோர் மண்ணைப் பற்றி அறிந்தவற்றுட் பெரும்பகுதி ஏட்டில் இல்லை, சொல்லில் இருக்கின்றது. சொல் மறந்தால் அறிவும் உடன் மறையும். ஆதலின் சொல்லைக் காப்பவனுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்றே கருதுகின்றேன்.

முதற்கண் நம் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊருக்கு வழங்கும் பெயர் என்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். வயலும் ஏரியும் சூழ்ந்த கள்ளக்குறிச்சி, தன் பெயரிலே மலைநிலத்தைத் தாங்கி நிற்கின்றது. இது பொருத்தமே. மேற்கே தோன்றும் கல்வராயன் மலையே இப்பக்கத்து வேளாண்மைக்குத் தாய். கோமுகியாறும் மணிமுத்தாறும் அம்மலையிற் பிறந்து, தத்தம் பெயர் பெற்ற அணைகளில் தங்கி, பாசனத்திற்கு உதவி, வெள்ளாற்றின் வழியே வங்கக் கடலை அடைகின்றன. அவை நீரை மட்டுமா கொணர்ந்தன? காட்டின் இலைமக்கையும் நுண்ணிய வண்டலையும் ஆண்டுதோறும் கொணர்ந்து சேர்த்தன. கோடையில் ஏரி வற்றியதும், அவ்வண்டலை வண்டி வண்டியாக அள்ளிச் செம்மண் கொல்லைகளில் அடித்தனர் நம் பாட்டன்மார். மலை தந்ததை ஏரி சேமித்தது. ஏரி சேமித்ததை நிலம் பெற்றது. 2019-ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்தினின்று பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மனிதர் வரையும் எல்லை இவ்வாறு மாறலாம். நீர் வரையும் எல்லை மாறுவதில்லை.

இனி, சொல்லிலே அறிவு அடங்கியிருத்தற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். விளைவு குன்றிய நிலத்தைக் குறிக்கக் களர் என்றும் உவர் என்றும் இரு சொற்கள் நமக்கு உண்டு. இன்று பலர் இரண்டையும் ஒன்றாக மயங்கிப் பேசுகின்றனர். ஆனால் வேளாண் நூலார் இவற்றை வேறு வேறாகவே ஆள்கின்றனர். உவர்நிலத்தில் நீரிற் கரையும் உப்பு மிகுந்து, மேற்பரப்பில் வெண்மையாகப் பூத்து நிற்கும். களர்நிலத்தில் சோடியம் மிகுந்து, மண்ணின் கட்டுக்கோப்பைக் குலைத்துவிடும். அந்நிலம் நனைந்தாற் சேறாகும், காய்ந்தாற் கல்லாகும். களர்நிலத்திற்கு ஜிப்சம் இட்டு நீர் கட்டி வடித்தல் வேண்டும். உவர்நிலத்திற்கு நல்ல நீரைத் தேக்கி, வடிகால் வழியே உப்பைக் கரைத்துப் போக்கினாற் போதும். ஜிப்சத்திற்குச் செலவிட்ட பணம் வீண். ஒரு சொல்லின் பொருளை மயங்கியதனால் ஒருவன் மூட்டை மூட்டையாகப் பணத்தை நிலத்திற் கொட்டக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

மண்ணை அளந்தறியும் வழக்கமும் நமக்குப் புதியதன்று. ஒரு பலப் புழுதி கால் பலமாகுமாறு உழுது உலர்த்திய நிலத்திற்கு ஒரு பிடி எருவும் வேண்டா என்று உழவு அதிகாரத்திலே திருவள்ளுவர் கூறினார். அக்கூற்றை இன்று எல்லா நிலத்திற்கும் பொருத்துவது தகாது. மலைச்சரிவில் மிகுதியாக உழுதால் மண்ணே கரைந்துபோம். ஆயினும் அவர் நிறுத்துப் பார்த்த அளவைக் கூறினார் என்பதை நோக்குங்கள். கண்மதிப்பால் அன்றி, நிறையால் மண்ணை அறியும் மனப்பான்மை அதிலே இருக்கின்றது.

இத்தகைய அறிவுடைய நம்மிடையே இன்றைய நிலை யாது? பயிரின் இலை மஞ்சளித்தால் நாம் யாரை வினவுகின்றோம்? பெரும்பாலும் உரக்கடைக்காரரை வினவுகின்றோம். அவர் நல்லவராகவே இருக்கலாம். எனினும் அவர் வணிகர். தம் கடையில் உள்ளதையே அவர் எடுத்துக் கொடுப்பார். மஞ்சளிப்பிற்குத் தழைச்சத்துக் குறைவு காரணமாகலாம்; இரும்புச் சத்தோ துத்தநாகமோ குறைந்திருக்கலாம்; நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறுதலும் காரணமாகலாம். நான்கு காரணங்களுக்கும் ஒரே மூட்டை யூரியா மருந்தாகாது. அடுத்த வயற்காரர் சென்ற ஆண்டு இதே துன்பத்தைக் கண்டு தீர்த்திருப்பார். ஆனால் நாம் அவரைக் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. விளைவு குறைந்ததைச் சொன்னால் இழிவு. விளைவு மிகுந்ததைச் சொன்னால் கண்ணேறு. இவ்விரண்டிற்கும் அஞ்சி வாய் மூடியிருக்கின்றோம்.

அன்பர்களே! இங்கே ஒரு சிறு கணக்கைக் கூற விரும்புகின்றேன். ஓர் உழவர் ஆண்டுக்கு ஒரு முறை மரவள்ளி வைக்கின்றார் என்று கொள்வோம். முப்பது ஆண்டு உழைத்தால் அவர் முப்பது சோதனைகளைச் செய்து பார்த்தவராவார். அதற்குள் முதுமை வந்துவிடும். ஒரே வகை மண்ணில் பயிரிடும் முப்பது உழவர்கள் தாம் செய்ததையும் கண்டதையும் மறையாது ஒருவர்க்கொருவர் கூறிக்கொண்டால், முப்பது சோதனைகளும் ஒரே ஆண்டில் முடிந்துவிடும். தனி மனிதன் ஆயுளிற் பெறுவதைக் கூட்டம் ஓராண்டிற் பெறலாம். மண்வளத்தைப் பற்றி யான் சொல்ல வந்த கருத்து இதுவே. மற்றவை இதற்கு விளக்கம்.

மண்வள அட்டையை எடுத்துக்கொள்வோம். 2015-ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய இத்திட்டத்தில், தழை, மணி, சாம்பல் சத்துகளும், கந்தகமும், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என்னும் நுண்சத்துகளும், கார அமில நிலையும், உப்பின் அளவும், அங்ககக் கரிமமும் ஆகப் பன்னிரண்டு இயல்புகள் ஆராயப்பெறுகின்றன. நம்மிற் பலர் வீட்டில் இவ்வட்டை பெட்டிக்குள் உறங்குகின்றது. அதனைப் பயன்படுத்துவோரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அத்திட்டத்தில் பாசன நிலத்திற்கு 2½ ஹெக்டேருக்கு ஒரு மாதிரியும், மானாவாரி நிலத்திற்கு 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரியும் எடுப்பதே முறையாக வகுக்கப்பெற்றது. பத்து ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 25 ஏக்கர். ஆளுக்கு இரண்டு ஏக்கர் எனின், பன்னிரண்டு குடும்பத்தின் நிலம் ஒரே மாதிரியில் அடங்கும். ஆகவே உங்கள் பெயர் எழுதிய அட்டையில் இருப்பது உங்கள் வயலின் செய்தி மட்டுமன்று. உங்கள் பக்கத்தார் அனைவரின் பொதுச் செய்தி. அதனைப் பன்னிருவரும் ஒன்றாக அமர்ந்து படித்து, மேட்டு வயலுக்கும் பள்ளத்து வயலுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துப் பேசினால் அன்றி, அது முழுப் பயன் தராது.

கூட்டறிவினால் வேளாண்மை சிறந்தமைக்குச் சான்றுகள் பல. கோயம்புத்தூரில் 1909-ஆம் ஆண்டு தொடங்கிய நிலையான உரச் சோதனை நூறாண்டைக் கடந்தது. ஒரே நிலத்தில் ஒரு பகுதிக்கு உரமின்றியும், ஒரு பகுதிக்குத் தொழுவுரமும், ஏனைய பகுதிகளுக்குச் சத்துகளைத் தனித்தும் சேர்த்தும் இட்டு வந்த சோதனை அது. ஒரே சத்தை மட்டும் ஓயாது இடுவது நிலத்தைத் தளரச் செய்யும் என்பதும், சத்துகளைச் சமமாகவும் இயற்கை எருவோடும் இடுவதே நிலைத்த வளம் தரும் என்பதும் இத்தகைய நெடுஞ்சோதனைகளால் தெளிவாயின. அச்சோதனையைத் தொடங்கியவர் அதன் பயனை முழுதும் கண்டிலர். தலைமுறை தலைமுறையாகக் குறிப்பெழுதி அடுத்தவர் கையிற் கொடுத்தமையாலன்றோ அவ்வறிவு நிலைத்தது?

ஆங்கில நாட்டு அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்டு 1905-ஆம் ஆண்டு இந்தியாவிற்கு வந்தார். இந்நாட்டு உழவர்க்குக் கற்பிக்க வந்தவர், அவ்வுழவரையே தம் ஆசிரியராகக் கொண்டார். பின்னர் இந்தூரில் அவர் வகுத்த மட்கு உரமுறை உலகெங்கும் பரவியது. ஆராய்ச்சி நிலையம் உழவனுக்குக் கற்பித்தலும், உழவன் ஆராய்ச்சி நிலையத்திற்குக் கற்பித்தலும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

நம் தமிழ்நாட்டிலேயே, 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பற்றி வானொலியிற் கேட்டுத் தஞ்சைப் பகுதி உழவர் பயிரிட்டமையால், அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வழங்கலாயிற்று. செய்தி பரவிய வழியே பயிரின் பெயராயிற்று. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில், 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் அவர்கள் நடத்திய நெல் திருவிழாவில் உழவர்க்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதை அளிக்கப்பெறும். பெற்றவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும். பூட்டி வைக்காது கொடுத்தமையாலே விதை பெருகிற்று. அறிவுக்கும் இம்முறை பொருந்தும். ஒன்றைக் கேட்டுப் பெற்றவர், மறு ஆண்டு இரண்டு பேர்க்காவது அதனைச் சொல்லித் தருதல் வேண்டும்.

இனி, சற்றுத் துணிந்து ஒன்று கூறப்போகின்றேன். பெரியோர்கள் பொறுத்தருள்க. இது நம் குலத்தார் சங்கம். நம்மவர் நன்மைக்காகவே முன்னோர் இதனை நிறுவினர். ஆதலின் இவ்வேளாண் அறிவையும் நம்மவர்க்குள்ளேயே பகிர்ந்துகொண்டாற் போதாதா என்னும் கேள்வி எழும். போதாது என்பதே என் விடை. காரணம் இரண்டு.

முதற் காரணம், மண்ணை அறிந்த கை எது என்பது. பட்டா நம் பெயரில் இருக்கலாம். ஆனால் எந்த மூலையில் களைக்கொட்டு இறங்க மறுக்கின்றது, எந்தப் பாத்தியில் மண்புழு மிகுதி, எந்த வரப்பின் அடியில் நீர் கசிகின்றது என்பவற்றை நம்மினும் நன்கு அறிந்தவர், நம் நிலத்தில் நாள்தோறும் குனிந்து களையெடுக்கும் பெண்களும், கூலிக்கு உழைக்கும் சேரி மக்களும், கிடை போடும் இடையருமே ஆவர். அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே அமர்ந்து மண்ணைப் பற்றிப் பேசுவது, நூலை வெளியே வைத்துவிட்டுப் பாடம் நடத்துவதை ஒக்கும். அவர்களை அழைத்து, நமக்கு விரித்த பாயிலேயே சமமாக அமரச் செய்து கேட்டல் வேண்டும். அன்றைக் கூலியை இழந்து அவர்கள் வர நேருமாயின், அக்கூலியைச் சங்கம் கொடுத்தல் முறையாகும். அறிவு பெறுவோர் அறிவு தருவோர்க்குக் கடமைப்பட்டவரே.

இரண்டாங் காரணம், நீரின் வழி. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் நெடுங்காலம் மூன்று ஜாகீர்களின் ஆட்சியில் இருந்தனர். 1976-ஆம் ஆண்டிலேதான் அம்மலை அரசின் நேராட்சிக்கு வந்தது. அங்கே சாமையும் கேழ்வரகும் துவரையும் கலந்து விளைந்த கொல்லைகள் பலவற்றில் இன்று மரவள்ளியே தனிப்பயிராக நிற்கின்றது. மரவள்ளி இலை விரிந்து நிலத்தை மூடுதற்குச் சில திங்கள் ஆகும்; கிழங்கு எடுக்கும்போது நிலம் முழுதும் கிளறப்படும். சரிவின் போக்கிலேயே பார் பிடித்த கொல்லையில் ஒரு பெருமழை பெய்தால் மேல்மண் ஓடையாய் இறங்கும். அம்மண் அணையின் அடியிற் படிந்து, நமக்குரிய நீரின் இடத்தை அடைத்துக்கொள்ளும். மேலே ஒருவர் கொல்லை வறுமையடைய, கீழே நம் பாசனம் சுருங்கும். இதில் அவர் வேறு, நாம் வேறு என்று எவ்வாறு கூறுவது?

சரிவுக்குக் குறுக்கே உழுதலும், கல்வரப்புக் கட்டுதலும், மரவள்ளிக்கு இடையே உளுந்தோ தட்டைப்பயறோ விதைத்து நிலத்தை மூடுதலும் இதற்கு மருந்து. மலைமக்கள் இவற்றை அறியாதவர் அல்லர். ஆனால் கல்வரப்புக் கட்டப் பல நாள் உழைப்பு வேண்டும். நிலத்தின் மேல் உறுதியான உரிமை இல்லாதவர் அவ்வுழைப்பை அதிலிடத் தயங்குவர். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவ்வுரிமைக்கு வழி வகுத்தது. அதன்படி விண்ணப்பம் எழுதவும் அலுவலகம் செல்லவும் படித்தவர் துணை அவர்க்கு வேண்டும். நம் சங்கத்தில் வழக்கறிஞரும் ஓய்வுபெற்ற வருவாய்த்துறையாரும் உளர். அவர்கள் திங்களுக்கு ஒரு நாள் வெள்ளிமலைக்குச் சென்று உதவினால், அது மலைமக்களுக்குச் செய்யும் தருமம் என்று எண்ண வேண்டா. நம் ஏரிக்கு நாம் செய்யும் மராமத்து என்றே எண்ணுங்கள்.

ஆதலின் மண்ணைப் பற்றிய கூட்டுறவின் எல்லையைக் குலத்தால் வரையாது நீரால் வரைதல் வேண்டும். ஓர் ஏரியின் ஆயக்கட்டில் உள்ளோர் அனைவரும் ஒரு வட்டம். அவ்வேரிக்கு நீர் தரும் ஓடையின் மேற்பக்கத்தார் அதனோடு இணைந்த மற்றொரு வட்டம். நம் சங்கத்திற்குக் கூடம் உண்டு. திங்கள் இதழ் உண்டு. ஒழுங்காகக் கூடும் வழக்கம் உண்டு. இம்மூன்றும் இல்லாமையாலேயே பல ஊர்களில் உழவர் குழுக்கள் தொடங்கிய ஆண்டிலே மறைகின்றன. நம்மிடம் உள்ள இவற்றைப் பொதுநன்மைக்குத் திறந்துவிடுவதே யான் உங்களிடம் வேண்டுவது.

செய்தற்குரியவற்றை எளிமையாகக் கூறுகின்றேன்.

ஒவ்வோர் ஆயக்கட்டிலும் இருபது பேர் முதலிற் கூடுக. பள்ளி மாணவர் நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, அதற்கு மண்ணேடு என்று பெயரிடுக. யார், எந்த வயலில், எவ்வெருவை, எப்பொழுது இட்டனர், மழை எவ்வாறு, விளைவு யாது என்பவற்றை அதில் எழுதுக. விளைவு பொய்த்ததை முதலில் எழுதுக. ஒருவர் இழப்பு இருபது பேர்க்குப் பாடமாகும்.

மண்மாதிரியைத் தாமே ஒழுங்காக எடுக்கப் பழகுக. நெல்லுக்கு 15 சென்டிமீட்டர் ஆழமும், கரும்பு, மரவள்ளி, பருத்திக்கு 22½ சென்டிமீட்டர் ஆழமும் குழி எடுத்து, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் திரட்டிய மண்ணைக் கலந்து, கால்பங்கு கால்பங்காகக் குறைத்து, அரைக் கிலோ அனுப்புதல் முறை. வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றில் எடுத்தல் கூடாது. மாதிரி பிழையாயின் முடிவும் பிழையாம்.

புதிய உரம் எதனை இட்டாலும், வயலில் ஒரு பட்டையை அதனை இடாமல் விட்டு வைக்குக. அறுவடையில் இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் சொல்லைவிட உங்கள் தராசு உண்மை பேசும்.

கரும்புச் சோகையை எரியாது வரிசைகளின் இடையே பரப்புக. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளைக் கண்ட நம் பகுதியில், ஆண்டுதோறும் எரிந்துபோன சோகையில் எத்துணை மக்கு அழிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில், ஏறக்குறைய 45 நாளில் மடக்கி உழுக. 2024-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு தொடங்கிய "மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்" திட்டம் பசுந்தாள் உர விதைக்கு உதவ முன்வந்தது. இத்தகைய உதவிகளைத் தனித்தனியே தேடி அலையாது, குழுவாகச் சென்று கேட்டுப் பெறுக. ஏரி வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே இசைவு பெறும் ஏற்பாடும் அவ்வாண்டிலேயே வந்தது. ஆயினும் எல்லா ஏரி வண்டலும் எல்லா நிலத்திற்கும் ஆகாது. களிமண் நிலத்திற்கு மேலும் களியை ஏற்றுதல் பிழை. வண்டலையும் சோதித்தே இடுக.

ஆடிக்கு முன் ஒரு முறை நாம் மலைக்குச் செல்வோம். தைக்குப் பின் ஒரு முறை மலையார் நம் ஊர்க்கு வரட்டும். அவரவர் வயலிலே நின்று பேசுவோம். அங்கே கண்டதையும் கேட்டதையும் நம் இதழில் திங்கள்தோறும் இரண்டு பக்கத்தில் வெளியிடுமாறு ஆசிரியரை வேண்டிக்கொள்கின்றேன். சொன்னவர் எக்குலத்தவராயினும், அவர் இசைந்தால், அவர் பெயரையும் அதனோடு அச்சிடுதல் வேண்டும்.

பெரியோர்களே! நம் பிள்ளைகள் உழவை விட்டு அயலூர் செல்கின்றனர் என்று வருந்துகின்றோம். அவர்கள் திரும்பி வரும் நாளில் வீடும் பட்டாவும் இருக்கலாம்; மேல்மண் இல்லையேல் அப்பட்டா வெறுங் காகிதமே. ஓர் அங்குல மேல்மண் உண்டாகப் பல நூற்றாண்டுகள் ஆகும். அஃது ஒரு மழையிற் போகும். அதனைக் காக்கும் அறிவு நம்மிடையே துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றது. ஒரு துண்டு நம் வீட்டிலும், ஒரு துண்டு சேரியிலும், ஒரு துண்டு மலையிலும், ஒரு துண்டு ஆராய்ச்சி நிலையத்திலும் இருக்கின்றது. அவற்றை ஒன்று சேர்க்கும் பணியை நம் சங்கம் மேற்கொள்ளுமாயின், பிற சங்கங்களும் நம்மைப் பின்பற்றும். வருகின்ற திங்கட் கூட்டத்திற்கு ஒவ்வொருவரும் தத்தம் மண்வள அட்டையையும், தம் நிலத்தில் உழைப்போர் ஒருவரையும் உடன் அழைத்து வருமாறு வேண்டி, என் உரையை முடித்துக்கொள்கின்றேன்.

இறைவன் திருவருள் நமக்குத் துணை நிற்பதாக.